ஐம்பத்து நாலாக மாற்றியது யார்?

“ஒண்ணுமே திருடு போகல மேடம். அதான் பிரச்னை,” என்றான் டைட்டஸ்.

நந்திதா காபி டம்ளரைக் கீழே வைத்தாள். திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், ஓர் இட்லிக்கடையின் மாடியில் இருந்தது அவளுடைய துப்பறியும் நிறுவனம். கீழே சட்னி தாளிக்கும்போது மேலே வாடிக்கையாளர்கள் தும்முவார்கள். டைட்டஸும் இரண்டு முறை தும்மியிருந்தான்.

“திருடு போகலன்னா போலீஸ்ல நிக்கக்கூட விடமாட்டாங்களே தம்பி. இங்க வந்தது சரிதான்,” என்றார் வேங்கடாசலம்.

வேங்கடாசலம் நந்திதாவின் உதவியாளர். ரேணிகுண்டாவில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வயதுக்கு அவர் அவளுடைய அப்பாவாக இருக்கலாம். பேச்சுக்கு யாருடைய அப்பாவாகவும் இருக்க முடியாது.

டைட்டஸ் சித்தூர் மிஷன் சர்ச் குடும்பத்துப் பையன். ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். வார நாட்களில் திருப்பதியில் அறை எடுத்துத் தங்கி, சனி ஞாயிறு ஊருக்குப் போய்விடுவான். அவனுக்கு இரண்டு ஆசைகள். ஒன்று ஜனவரியில் நடக்க இருந்த கல்யாணம். மற்றது சைக்ளோகிராஸ். அதாவது சேறு, மணல், மேடு, பள்ளம் எல்லாவற்றிலும் சைக்கிள் ஓட்டுவது. ஓட்ட முடியாத இடத்தில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடுவது.

“நான் ஆர்டர் பண்ணது ஐம்பத்தெட்டு சைஸ் ஃபிரேம். வந்திருக்கிறது ஐம்பத்து நாலு. நான் கேட்ட ஃபோர்க் வேற, வந்திருக்கிற ஃபோர்க் வேற. கடைக்காரரக் கேட்டா, உங்க வீட்லேர்ந்துதான் ஃபோன் பண்ணி மாத்தினாங்கன்றாரு. எங்க வீட்ல அம்மா மட்டும்தான். அவங்களுக்கு சைக்கிள்னா அதுல பெல் இருக்கும், அவ்ளோதான் தெரியும்.”

“ஃபோர்க்குன்னா நூடுல்ஸ் துன்றதா?” என்றார் வேங்கடாசலம்.

“முன் சக்கரத்த ரெண்டு பக்கமும் புடிச்சிக்கினு இருக்குமே சார், அந்தக் கவட்டை.”

“யார் மேலயாவது சந்தேகமா?” என்று கேட்டாள் நந்திதா.

டைட்டஸ் கைப்பேசியை நீட்டினான். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் தங்கள் வேகத்தைப் பதிந்து வைக்கும் செயலி அது. சித்தூர் பக்கத்துக் குடிபாலா ஏரிக்கரையில் தொடங்கி மாந்தோப்புகளுக்குள் சுற்றி வரும் ஒரு மண்பாதையில் யார் வேகம் என்ற பட்டியல். இரண்டாவது இடத்தில் டைட்டஸ். முதல் இடத்தில், படம் எதுவும் இல்லாமல், ‘செம்மண்’ என்ற பெயர்.

“நான் ஒவ்வொரு வாரமும் முன்னால வருவேன். ரெண்டே நாள்ல இவன் என்னைத் தாண்டிடுவான். யாருன்னே தெரியாது. நாளைக்கு சந்திரகிரி பக்கத்துல எங்க கிளப்பு ரேஸ். அதுக்காகத்தான் புது சைக்கிளே. என்னைத் தோக்கடிக்கணும்னு இவன்தான் ஆர்டர மாத்தியிருக்கான்.”

“இதுவரைக்கும் தோத்தது எதனால?”

“பழைய சைக்கிள் சரியில்ல மேடம். போன மாசம் மழை. அதுக்கு முந்தின மாசம் டயர்ல காத்து அதிகம்.”

வேங்கடாசலம் நந்திதாவைப் பார்த்தார். டிக்கெட் இல்லாத பயணிகள் சொன்ன கதைகளை முப்பது வருடம் கேட்ட முகம் அது.

*

சைக்கிள் கடை அலிபிரி போகும் சாலையில் இருந்தது. கடைக்காரர் தணிகைவேல் வேலூர்க்காரர். அவர் மறைக்க எதுவுமில்லாத மாதிரி சைக்கிளை நடுக்கடையில் நிறுத்திவைத்திருந்தார். சாம்பல் நிறம், வளைந்த கைப்பிடி, முள் முள்ளான டயர்.

“பேசினது ஒரு பொண்ணு மேடம்,” என்றார். “டைட்டஸ் வீட்லேர்ந்து பேசறேன், மறுபடி அளந்து பாத்தோம், உள்கால், தொடையிடுக்குலேர்ந்து தரைக்கு, எண்பத்து மூணு சென்டிமீட்டர் வருது, ஐம்பத்து நாலு சைஸ் போதும்னாங்க. ஃபோர்க்கையும் மாத்தச் சொன்னாங்க. நம்பரப் பாத்தேன். ஏதோ பள்ளிக்கூட ஆபீசு லைன்.”

“எந்தப் பள்ளிக்கூடம்னு கேக்கலியா?”

“சொன்னது எல்லாம் கரெக்டா இருந்துச்சே மேடம். கரெக்டா பேசறவங்கள யார் கேள்வி கேப்பாங்க?”

“அப்ப ஐம்பத்தெட்டு தப்பா?”

தணிகைவேல் டைட்டஸை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெல்லச் சொன்னார். “சார் வந்து, நான் ஆறடின்னாரு. ஆளப் பாத்தா அஞ்சடி பத்து அங்குலம்தான் இருப்பாரு. கஸ்டமர் ஆறடின்னா ஆறடி. அந்தே, அவ்ளோதான். ஆனா உயரம் முக்கியமே இல்ல மேடம், கால்தான். இவருக்கு ஒடம்பு நீளம், காலு குட்டை. இந்த மாதிரி சைக்கிள்ல பாதியில குதிக்கணும், ஏறணும். மேல்குழாய் ஒசரமா இருந்தா…” மீதியைக் கையால் காட்டினார்.

வேங்கடாசலம் அனுதாபத்தோடு முகத்தைச் சுளித்தார். “கல்யாணத்துக்கு முன்னாடி அந்த ரிஸ்க் வேணாம் தம்பி.”

“ஃபோர்க்?” என்றாள் நந்திதா.

“இவரு கேட்டது தார் ரோட்டு ரேஸ் ஃபோர்க்கு. எடை கம்மி, பாக்க ஷோக்கா இருக்கும். ஆனா டயருக்கும் அதுக்கும் நடுவுல ஒரு காகிதம்தான் நுழையும். ஏரி மண்ணு உள்ள பூந்தா சக்கரம் சுத்தாது. இப்ப வந்திருக்கிறது அகலம். பாருங்க, விரல் தாராளமா போவுது.”

நந்திதா விரலை விட்டுப் பார்த்தாள். போயிற்று.

இதற்குள் வேங்கடாசலம் மூலையில் இருந்த ஒரு குட்டி சைக்கிளில் ஏறி, கடைக்குள்ளேயே ஒரு சுற்று வர முயன்று, திரும்பும்போது தடுமாறி பெடல்கள் அடுக்கிய அலமாரியைப் பிடித்துக்கொண்டார். “சக்கரம் என் கால வந்து கடிக்குது.”

“சின்ன ஃபிரேம்ல அது சகஜம் சார்,” என்றார் தணிகைவேல். “சக்கரம் அதே பெருசு, ஃபிரேம் மட்டும் குட்டை. கைப்பிடியத் திருப்பினா டயர் கட்டைவிரல்ல ஒரசும். ஃபோர்க்கு கொஞ்சம் முன்னால வளைஞ்சிருந்தா குறையும். முழுசாப் போகாது. ஓட்டி ஓட்டிப் பழகிக்கணும்.”

வேங்கடாசலம் தன் செருப்பைப் பார்த்தார். நுனியில் வில் மாதிரி ஒரு கறுப்புத் தீற்றல்.

வெளியே வந்ததும் நந்திதா கேட்டாள். “டைட்டஸ், எதிரி ஒருத்தன் உங்க ஆர்டர மாத்தறான்னா, உங்களுக்குப் பொருந்தாததா மாத்துவானா, பொருந்தறதா மாத்துவானா?”

டைட்டஸ் கடைக்குள் நின்ற சைக்கிளைத் திரும்பிப் பார்த்தான்.

“இந்த ஆளு உங்களுக்கு நல்லது பண்ணியிருக்கான். அதவிட முக்கியம், உங்க உள்கால் அளவு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அது உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“யாராவது சமீபத்துல அளந்தாங்களா?”

“இல்ல,” என்றான் டைட்டஸ். கொஞ்சம் அவசரமாகச் சொன்னான். காதுகள் சிவந்தன.

அவன் போன பிறகு வேங்கடாசலம் தாடையைத் தடவினார். “மேடம், என் வாழ்க்கையில அந்த எடத்துல டேப்பு வச்சது ஒரே ஒருத்தர்தான்.”

“யாரு?”

“டெய்லர். என் கல்யாணத்துக்கு.”

ஆபீசுக்குத் திரும்பியதும் நந்திதா ஸ்கூட்டர் சாவியை மேஜையில் போட்டுவிட்டு, கார் சாவியை எடுத்தாள். சித்தூர் ஸ்கூட்டரில் போகிற தூரமில்லை.

*

சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் கோட்டு சூட்டு தைக்கும் கடைகள் அதிகமில்லை. இரண்டாவது கடையிலேயே டைட்டஸின் பெயரைக் கேட்டதும் டெய்லர் பாபு சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

“பொண்ணு வீட்லதான் சூட்டு எடுத்துக் குடுக்கறாங்க. பொண்ணு பேரு பிளெஸ்ஸி. அளவெடுக்கறதுக்கு முந்தின நாளே அந்தப் பாப்பா வந்துச்சு. அண்ணா, அவர ஷூ இல்லாம செவுத்துல சாஞ்சு நிக்க வையுங்க, காலுக்கு நடுவுல ஒரு தடிப் புஸ்தகத்த வச்சு நல்லா மேல தூக்குங்க, புஸ்தகத்தோட மேல் விளிம்புலேர்ந்து தரைக்கு அளங்கன்னுச்சு.”

“நீங்க கேட்டீங்களா, எதுக்குன்னு?”

“கேட்டேன். இப்ப இதான் ஃபாரின் ஸ்டைலு அண்ணான்னுச்சு. நானும் எம் பையனோட இங்கிலீஷ் டிக்‌ஷனரிய எடுத்து வச்சேன். அந்தப் புள்ளையாண்டான் மூச்சப் புடிச்சிக்கினு நின்னுச்சு பாருங்க. வெளிய சொல்லிடாதீங்கண்ணான்னு வேற கெஞ்சிச்சு.”

வேங்கடாசலம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்து முடித்தார். “எண்பத்து மூணா?”

“எண்பத்து மூணேதான் சார்.”

“அப்ப குற்றவாளி கல்யாணப் பொண்ணுதான்,” என்றார் வேங்கடாசலம், கடையை விட்டு இறங்கும்போது. “கேஸ் முடிஞ்சுது. இங்க எங்கயாவது நல்ல மட்டன் கெடைக்குமா பாக்கலாம்.”

“பாதிதான் முடிஞ்சுது. ஏரி மண்ணு ஃபோர்க்குல அடைக்கும்னு ஒரு டீச்சருக்கு எப்படித் தெரியும்?”

“டீச்சர்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பள்ளிக்கூட ஆபீஸ் லைன்லேர்ந்து வேற யாரு சார் பேசுவாங்க? வாங்க.”

பாபு சொன்ன அடையாளத்தில் போனார்கள். சனிக்கிழமை மாலையானால் பிளெஸ்ஸி சர்ச் ஹாலில் பாட்டுப் பயிற்சியில் இருப்பாள். வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. உள்ளே நாலு குரலில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

வேங்கடாசலம் படியில் உட்காரப் போனவர் அப்படியே நின்றார். பெர்த்துக்கு அடியில் தெரியும் கால்களை வைத்தே ஆள் எண்ணிப் பழகியவர் அவர்.

“மேடம்.”

வரிசையின் கடைசியில் ஒரு ஜோடி வெள்ளை கேன்வாஸ் ஷூ. துவைத்துச் சுத்தமாக இருந்தது. ஆனால் இரண்டின் நுனியிலும், வில் மாதிரி, தேய்ந்து தேய்ந்து ஊறிப்போன கறுப்புத் தீற்றல். வேங்கடாசலம் தன் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். ஒரே தீற்றல்தான்; அவருடையது அரை நாள் வயது, அதனுடையது பல மாத வயது.

நந்திதா குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். “இது சைக்கிளப் பத்திப் படிச்ச பொண்ணு இல்ல சார். ஓட்டற பொண்ணு. சின்ன ஃபிரேம்ல, வளைவு வளைவா, வேகமா.”

“அப்ப செம்மண்…”

“ஆமா.”

பாட்டு நின்றது. முதலில் வெளியே வந்தவள் அந்த ஷூவைத் தேடி வந்தாள். ஒல்லியாக, குட்டையாக, நெற்றியில் விழுந்த முடியை ஊதித் தள்ளிக்கொண்டே வந்தாள். இரண்டு அந்நியர்கள் தன் ஷூவுக்குக் காவல் நிற்பதைப் பார்த்ததும் நின்றாள்.

“செம்மண்ணுங்களா?” என்றார் வேங்கடாசலம் மரியாதையாக.

பிளெஸ்ஸி சுற்றிலும் பார்த்தாள். பிறகு, “கேட்டுக்கு வெளிய போயிப் பேசலாமா,” என்றாள்.

*

வேப்பமரத்தடியில் நின்று நந்திதா தாங்கள் யார், யார் அனுப்பி வந்தோம் என்று ஒளிக்காமல் சொன்னாள். பிளெஸ்ஸி மறுக்கவில்லை.

“ஸ்கூல்ல கணக்கு எடுக்கறேன். பெங்களூர்ல ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்டுல வாங்கின சைக்கிள். விடியக்காலையில குடிபாலா போயிட்டு வந்துடுவேன்.”

“அவருகிட்ட ஓட்டத் தெரியாதுன்னு சொன்னீங்களா?”

“தெரியாதுன்னு நான் சொல்லல. தெரியுமான்னு அவர் கேக்கல.”

வேங்கடாசலம் இருமினார்.

“சரி. ஜெயிச்சிக்கினேதான இருந்தீங்க? எதிரிக்கு எதுக்கு சைக்கிளச் சரி பண்ணிக் குடுத்தீங்க?” என்றாள் நந்திதா.

பிளெஸ்ஸி குனிந்தாள். ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினாள். நிமிர்ந்தபோது குறும்பு முகத்தை விட்டுப் போயிருந்தது.

“நல்லவரு மேடம். எங்க நைனாவ ஆஸ்பத்திரியில சேத்தப்ப மூணு ராத்திரி அவர்தான் பெஞ்சுல படுத்திருந்தாரு. ஆனா தோத்தா ஒரு காரணம் சொல்லுவாரு. மழை, காத்து, ஃபிரேம். எப்பவும் வேற எது மேலயாவது தப்பு. கல்யாணத்துக்கப்புறம் அந்த வரிசையில நான் வந்து நிப்பேன். சாம்பார் சரியில்ல, பிளெஸ்ஸி சரியில்ல. அதான் பயம்.”

“அதனால…”

“அதனால சொல்றதுக்கு ஒரு காரணமும் இல்லாத சைக்கிளா குடுத்துப் பாக்கலாம்னு. சரியான ஃபிரேம், சரியான ஃபோர்க். அப்புறமும் நான் முந்தினா இன்னா சொல்றார்னு கேக்கணும். அதக் கேட்டுட்டுத்தான் ஜனவரிய முடிவு பண்ணணும்.”

“கோபப்பட்டா?”

“சூட்டு தைச்சது தைச்சதுதான். வேற யாராவது போட்டுக்கலாம்,” என்றாள். சிரிக்க முயன்றாள். வரவில்லை.

இருவரும் காரில் திரும்பினார்கள். டைட்டஸ் ராத்திரிக்குள் ரிப்போர்ட் கேட்டிருந்தான். வாங்கிய பணத்துக்கு உண்மையைச் சொல்லியாக வேண்டும். சொன்னால், நாளைக்கு அவன் வாயிலிருந்து வருவது அவனுடைய சொந்தச் சொல்லாக இருக்காது.

“ரிப்போர்ட்ட நீங்கதான டைப் பண்ணணும்?” என்றாள் நந்திதா கடைசியில்.

“ஆமா. ஒத்த விரல்ல. நாளைக்கு மத்தியானம் ஆயிடும் மேடம், எவ்ளோ வேகமா அடிச்சாலும்.”

*

இரவு பெய்த மழையில் சந்திரகிரி ஏரிக்கரை குழைந்து கிடந்தது. ஆணும் பெண்ணும் ஒரே பந்தயம்; ஐந்து சுற்று. வேறு வழியில்லாமல் டைட்டஸ் சாம்பல் நிற ஐம்பத்து நாலில்தான் வந்திருந்தான். ஏறி உட்கார்ந்து ஒரு வட்டம் அடித்துவிட்டு வந்தபோது அவன் முகத்தில் ஒரு சந்தேகம் தெரிந்தது, தனக்குப் பிடித்துவிட்டதோ என்று. கடைசி வரிசையில், முகத்தைத் துணியால் மூடி, கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு குட்டை உருவம் நின்றதை அவன் கவனிக்கவில்லை.

விசில் ஊதினார்கள். இரண்டாவது சுற்றிலேயே பாதிப் பேருக்குச் சக்கரம் மண் அடைத்து நின்றுவிட்டது. குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தார்கள். டைட்டஸின் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. மேட்டடியில் லேசாகக் குதித்து, சைக்கிளைத் தோளில் மாட்டி, உச்சியில் போட்டு ஏறினான். நாலாவது சுற்றில் அவன்தான் முதல்.

“நம்ம கட்சிக்காரர் ஜெயிச்சிட்டா இன்னா பண்றது?” என்றார் வேங்கடாசலம் கவலையோடு.

“ஜெயிக்கட்டுமே சார்.”

ஜெயிக்கவில்லை. கடைசிச் சுற்றில், புளியமரத்து வளைவில், குட்டை உருவம் உள்பக்கமாக நுழைந்தது. டைட்டஸ் பல்லைக் கடித்துத் துரத்தினான். கோட்டைத் தாண்டும்போது இருவருக்கும் நடுவே ஒரு சைக்கிள் நீளம் இருந்தது.

டைட்டஸ் இறங்கி, கைப்பிடியில் தலையை வைத்து மூச்சு வாங்கினான். நந்திதாவும் வேங்கடாசலமும் பக்கத்தில் போனார்கள். நாலடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு, செம்மண் நின்றிருந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னா தம்பி ஆச்சு?” என்றார் வேங்கடாசலம். “மழையா?”

“மழை எல்லாருக்கும்தான சார்.”

“சைக்கிளு?”

டைட்டஸ் குனிந்து பார்த்தான். சேற்றை வழித்துப் போட்டான். வெகுநேரம் எதையோ தேடுகிறவன் மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தான். தேடியது கிடைக்கவில்லை.

“சைக்கிள் நல்லாதான் இருக்குது சார். இவ்ளோ நல்ல சைக்கிள்ல நான் உக்காந்ததே இல்ல,” என்றான். பிறகு, கொஞ்சம் சிரமப்பட்டு, “அவன் என்னைவிட நல்லா ஓட்டறான். அவ்ளோதான்,” என்றான்.

ஹெல்மெட் கழன்றது. துணி இறங்கியது.

டைட்டஸ் நின்ற இடத்திலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டான். சைக்கிள் அவன் மேல் மெல்லச் சாய்ந்தது. அதைத் தள்ளக்கூடத் தோன்றவில்லை.

“எவ்ளோ நாளா?”

“முதல் தடவ எங்க வீட்டுக்கு வந்தப்ப, கியர்னா இன்னா, எப்ப மாத்தணும்னு ஒரு மணி நேரம் சொல்லிக் குடுத்தீங்களே. அதுக்கு முன்னாடியிலேர்ந்து.”

அவன் முகத்தில் அந்த ஒரு மணி நேரம் முழுவதும் ஓடிப் போனது.

“நிறுத்தியிருக்கலாம் இல்ல?”

“ஆசையா சொல்லிக்கினு இருந்தீங்க. உங்க அம்மாகூட, விடுடி, பேசட்டும்னாங்க.”

“எங்க அம்மாவா? அவங்களுக்குத் தெரியுமா?”

“எனக்குக் காலையில ராகி மால்ட் குடுத்தனுப்பறதே அவங்கதான்.”

டைட்டஸ் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. நந்திதாவுக்கு ஒரு கணம் பயமாக இருந்தது. பிளெஸ்ஸிக்கும் இருந்திருக்க வேண்டும். ஹெல்மெட்டைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. அவன் கையை எடுத்தபோது முகமெல்லாம் சேறு. சிரித்துக்கொண்டிருந்தான்.

“நான் சொன்னதாவது சரியா இருந்துச்சா?”

“நல்லாத்தான் சொன்னீங்க,” என்றாள் பிளெஸ்ஸி. “ரெண்டு எடத்துலதான் தப்பு.”

டைட்டஸ் மேலே கிடந்த சைக்கிளை ஒதுக்கி, பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்தான்.

“எந்த ரெண்டு எடம்?”

அவள் உட்கார்ந்தாள். ஈர மண்ணில் ஒரு குச்சியால் பெரிய வட்டம் ஒன்றும் சின்ன வட்டம் ஒன்றும் போட்டாள். அவன் குனிந்து பார்த்தான். பரிசளிக்கக் கூப்பிட்டார்கள், இருவருக்கும் கேட்கவில்லை.

வேங்கடாசலம் சட்டைப்பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்தார். “இப்பக் குடுத்துடலாமா மேடம்?”

“கொஞ்சம் பொறுங்க சார்,” என்றாள் நந்திதா. “இன்னும் முதல் தப்புலதான் இருக்காங்க.”